சிஸ்டம் செக் ஆயிட்டிருக்குதுங்

பதினொன்றில் வந்து நின்றுவிட்டது. கறுப்புத் திரையின் நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருக்க, அதற்குக் கீழே டிரைவை ஸ்கேன் செய்து ரிப்பேர் பண்ணுவதாகவும் பதினோரு சதவீதம் முடிந்துவிட்டதாகவும் இங்கிலீஷில் ஒரு வரி. சென்னியப்பன் நாற்காலியில் உட்கார்ந்து அந்தப் பதினொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். பன்னிரண்டு ஆகிவிடுமோ என்று கொஞ்சம் பயமாக இருந்தது. மற்றபடி ஒன்றும் இல்லை. பசி இல்லை, அழுகை இல்லை, தூக்கம்கூட இல்லை. காலையில் கோயமுத்தூர் பஸ் ஸ்டாண்டில் குடித்த டீயின் தித்திப்பு மட்டும் நாக்கில் ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்றது. அங்கே ஆஸ்பத்திரியில் மைனாவதி வாயில் குழாயோடு படுத்திருக்கிறாள், பக்கத்தில் இருக்கிற மெஷின் அவளுக்குப் பதிலாக மூச்சு விடுகிறது. இங்கே காங்கயத்தில் அவளைக் கட்டியவன் தன் ஃப்ளெக்ஸ் கடையைத் திறந்துவைத்து கம்ப்யூட்டரை செக் பண்ணிக்கொண்டிருக்கிறான். கேட்டால் நாலு பேர் சிரிப்பார்கள், நாலு பேர் காறித் துப்புவார்கள். துப்பட்டும். ஆஸ்பத்திரி வராந்தாவில் லோகநாதன் சொன்னதுதான் காதுக்குள் நின்றுகொண்டிருந்தது. லோகநாதன் மைனாவின் தம்பி, நல்லவன், சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவன். "தலைக்குள்ள ரத்தம் கசிஞ்சதுல எல்லாம் போயிருச்சாமுங் மாமா. மெஷின்ல வெச்சிருக்கறது சும்மா வெச்சிருக்கறதுதானாமுங். நீங்க செரின்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா, குழாயோடயே ஆம்புலன்ஸ்ல அனுப்பி வெப்பாங்களாமுங். உசுரு ஊட்டுல போறதுதானுங் மொறை. உங்க வாயால சொல்லோணுமுங்." பிள்ளை குட்டி இருந்தால் அவர்கள் பக்கம் கையைக் காட்டிவிடலாம். இல்லை. சொல்ல வேண்டியவன் இவன் ஒருத்தன்தான். அப்போது பெஞ்சில் உட்கார்ந்திருந்த மைனாவின் பெரியப்பா ஒருத்தர், தொண்டையைச் செருமிக்கொண்டு, அஞ்சலி ஃப்ளெக்ஸ் எப்படியும் அடிக்கத்தானே வேணும், மாப்பிள்ளை போய் அதை ரெடி பண்ணட்டும், கடைசி நேரத்தில் ஆகாது என்றார். அதுவே தப்பிக்க ஒரு வழி மாதிரி தெரிந்தது சென்னியப்பனுக்கு. கடைக்குப் போய் அதை முடித்துவிட்டு அங்கிருந்தே சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டான்.

கடைக்கு வந்தவன் போட்டோவைத்தான் முதலில் தேடினான், அதில் பொய் இல்லை. மைனாவின் படங்கள் இருக்கிற ஃபோல்டரைத் திறந்தால் திறக்கவில்லை. பச்சைக் கோடு மேலே ஊர்ந்துபோய்ப் பாதியில் நின்றது. மேஜைக்கு அடியில் பெட்டிக்குள்ளிருந்து டிக் என்று ஒரு சத்தம், கொஞ்சம் விட்டு இன்னொரு டிக். ஹார்ட் டிஸ்க் போகப்போகிறது என்பதற்கு அதுதான் அறிகுறி என்று சொல்வார்கள். அவனுக்கு ஒரு சந்தோஷம் வந்தது. ஆமாம், சந்தோஷம்தான், அதை வேறு பேர் சொல்லிக் கூப்பிட்டு என்ன ஆகப்போகிறது. பழுது வந்துவிட்டால் பழுதைத்தான் முதலில் பார்க்க வேண்டும், அதுதானே முறை. டிரைவின் மேல் வலது கிளிக் பண்ணி, ப்ராப்பர்ட்டீஸ் போய், டூல்ஸ் போய், செக் என்கிற பட்டனை அழுத்தினான். கம்ப்யூட்டர் உடனே பதில் சொன்னது. இந்த டிரைவை ஸ்கேன் செய்யத் தேவையில்லை, எந்தப் பிழையும் காணவில்லை, வேண்டுமானால் ஸ்கேன் செய்துகொள்ளலாம். அந்த வேண்டுமானாலைப் பார்த்துக்கொண்டே இருந்தான். டாக்டர்கூட ஏறக்குறைய இப்படித்தான் பேசினார், ஆனால் அவர் வேண்டுமானால் என்று சொல்லவில்லை. இனி ஒன்றும் எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு பேனாவை மூடிப் பைக்குள் செருகிக்கொண்டார். பிழை இல்லை என்றால் அந்த டிக் சத்தம் எங்கிருந்து வந்தது? சென்னியப்பன் விடவில்லை. கறுப்பு ஜன்னலைத் திறந்து கட்டளையை அடித்தான். கடைசியில் ஓர் எழுத்து சேர்க்க வேண்டும். எஃப் போட்டால் பிழையை மட்டும் திருத்திவிட்டு டீ குடிக்கிற நேரத்தில் முடித்துவிடும். ஆர் போட்டால் டிஸ்க்கை ஒவ்வொரு இடமாகத் தொட்டு, படிக்க முடிகிறதா என்று பார்த்து, முடியாத இடத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பிடுங்கி வேறு இடத்தில் வைக்கும். பொழுதுக்கும் ஓடும். அது ஓடுகிற வரை வேறு எந்த வேலையும் பார்க்க முடியாது. இது அவனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் ஆரை அடித்தான். டிரைவ் இப்போது உபயோகத்தில் இருக்கிறது, அடுத்த முறை ஆன் ஆகும்போது பார்க்கட்டுமா என்று கேட்டது. ஒய் என்று அழுத்தி, ரீஸ்டார்ட்டும் பண்ணிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

இந்த ரெடி பண்ணி வைக்கிற வேலை அவனுக்குப் புதிதில்லை. ஊரில் யாருக்காவது ரொம்ப சீரியஸ் என்றால், டாக்டருக்கு அடுத்தபடி சேதி தெரிகிற ஆள் ஃப்ளெக்ஸ் கடைக்காரன்தான். மகனோ மருமகனோ வந்து நிற்பான். கண்ணை நேராகப் பார்க்க மாட்டான். அப்பாவுக்கு ஒரு மாதிரியா இருக்குதுங், எதுக்கும் ரெடி பண்ணி வெச்சுக்கலாமுங் என்பான். கண்ணீர் அஞ்சலி என்று மேலே எழுத்து, கீழே விளக்கு, இரண்டு பக்கமும் ரோஜா இதழ், நடுவில் முகம். பிறப்பு என்று போட்டு தேதியை அடித்துவிடுவார்கள். மறைவு என்று போட்டு, பக்கத்தில் இடத்தை வெறுமனே விட்டுவிடுவார்கள். அதை மட்டும் யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள், அவனும் கேட்க மாட்டான். பிறகு ஒரு ஃபோன் வரும், வெறும் இடத்தில் தேதி ஏறும், மெஷின் ஓடும். அவன் ரெடி பண்ணி வைத்தவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அடித்து வைத்தால் ஆள் நிற்காது என்று பக்கத்துக் கடைகளில் பேச்சே உண்டு. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் இது, சாகிறவர்களுக்குத்தானே அடிக்கச் சொல்கிறார்கள், அடித்ததால் சாகவில்லை. இது அவனுக்குத் தெரியாதா? தெரியும். இருந்தாலும் மைனாவுக்கு ஒன்று அடித்து வைக்கக் கை வரவில்லை. எல்லாரும் என்று சொல்ல முடியாது, ஒருத்தர் மட்டும் பிழைத்தார். அரிசி மில்லுக்காரர், படுத்த படுக்கையாகி, வேட்டி துண்டெல்லாம் எடுத்து வைத்தாகிவிட்டது, எழுந்து உட்கார்ந்து கம்பங்கூழ் கேட்டார். அதோடு நிற்காமல் கடைக்கே நடந்து வந்து, எனக்கு அடிச்சு வெச்சதைக் காட்டு பார்க்கலாம் என்றார். காட்டினான், வேறென்ன செய்வது. நாடியைச் சொறிந்தபடி நிதானமாகப் பார்த்தார். திருநீறு இன்னும் கொஞ்சம் அகலமாகப் போடு, மீசையை இப்படி நரைக்க விட்டால் எப்படி என்று இரண்டு திருத்தம் சொல்லிவிட்டுப் போனார். அப்புறம் வருஷக்கணக்கில் இருந்தார். மைனா அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கத்திரி கீழே விழுந்தது. அப்படியானால் ஒருத்தர் பிழைக்கலாம். ஒருத்தர் பிழைத்திருக்கிறார். ஆனால் அவர் பிழைத்தது அடித்து வைத்த பிறகு. அடிக்காமல் விட்டதால் பிழைத்தவர் என்று யாரும் கணக்கில் இல்லை, இருக்கவும் முடியாது, அவர்கள் யாரென்று யாருக்குத் தெரியும். யோசனை இந்த இடத்துக்கு வந்ததும் செக்கு மாடாக ஒரு சுற்று சுற்றி மறுபடியும் மில்லுக்காரரிடமே போய் நின்றது.

வாசலில் நிழல் விழுந்தது. பக்கத்துப் பாத்திரக் கடை ருக்மணி, ஒரு தூக்குப் போசியோடு நின்றிருந்தாள். அவளைப் பார்த்ததும் இவன் எழுந்திருக்கப் பார்த்து, எழுந்திருக்காமல் இருந்துவிட்டான்.

"ஏனுங், நீங்க இங்கியா இருக்கறீங்? ஆஸ்பத்திரியில யாருங் இருக்கறா?"

"லோகு இருக்கறானுங்."

"மைனா எப்படிங் இருக்கறா?"

"இருக்கறாளுங்."

ருக்மணி போசியை மேஜை மேல் வைத்தாள். திரையைப் பார்த்தாள். "அதென்னுங், சும்மா சுத்தீட்டே இருக்குது?"

"சிஸ்டம் செக் ஆயிட்டிருக்குதுங்."

"எந்நேரமாவுமுங்?"

"சொல்ல முடியாதுங்க்கா. உள்ள எங்கெங்க கெட்டிருக்குதுன்னு பாத்துப் பாத்துத்தான் போகும். நடுவுல நிறுத்துனா மொத்தமும் போயிரும்."

அவள் போசியை அவன் பக்கம் நகர்த்தினாள். "தயிர் சோறு இருக்குதுங். உண்ணுங். ஏனுங் இந்த வேக்காட்டுல ஃபேனக்கூடப் போடாம உக்காந்திருக்கறீங்?" என்று சொல்லிக்கொண்டே சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினாள்.

"போடாதீங்க்கா" என்றான். சத்தம் அவன் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. ருக்மணி கையை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஃபேனைப் போடக் கூடாது. ஏன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது. மைனா ஆஸ்பத்திரிக்குப் போன அன்றைக்கு இங்கேதான் தரையில் குந்தி, ஒரு காதுகுத்து ஃப்ளெக்ஸுக்கு ஓரம் மடித்துக்கொண்டிருந்தாள். காற்றில் ஓரம் எழும்பி எழும்பி விழுந்தது. "ஃபேன நிறுத்துங், இது பறக்குது" என்றாள். அதுதான். அதற்கப்புறம் அவள் பேசவில்லை. அவன் எழுந்து போய் ஃபேனை நிறுத்தினான், திரும்பினான், அவள் ஃப்ளெக்ஸின் மேலேயே ஒருக்களித்துப் படுத்திருந்தாள். களைப்பில் சாய்ந்திருக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தான். அதற்குள்ளா தூக்கம் என்று கேலிகூடச் செய்தான். முப்பது வருஷம் ஒன்றாக இருந்த பெண்பிள்ளை கடைசியாகச் சொன்ன வார்த்தை ஃபேனைப் பற்றியது என்றால் யாரிடம் சொல்லிக்கொள்வது. சினிமாவில் எவ்வளவு பேசுகிறார்கள். கடைசி வார்த்தை என்று அதைச் சொல்லவும் கூடாது, அவள் இன்னும் இருக்கிறாள், மார்பு ஏறி ஏறி இறங்குகிறது, காலைத் தொட்டால் சூடு இருக்கிறது. பித்த வெடிப்பு விழுந்த கால். சூடு இருக்கிற காலைத் தொட்டுவிட்டு வந்தவன் எந்த வாயால் சரி என்று சொல்வது? கேட்டது நியாயமான கேள்வி என்று அவனுக்கே பட்டது, ஆனால் அந்த நியாயமும் எங்கேயோ பக்கத்து வீட்டில் யாரோ பேசுவது மாதிரிதான் கேட்டது. முதுகில் வேர்வை இறங்கியது. அது இறங்குவதைக் கவனித்துக்கொண்டிருந்தான்.

திரையைப் பார்த்தபோது இருபத்தேழு ஆகியிருந்தது. எப்போது ஆனது என்று தெரியவில்லை. அவன் பார்க்காத நேரம் பார்த்து நகர்ந்திருக்கிறது. கண்ணை எடுக்கக் கூடாது, பார்த்துக்கொண்டே இருந்தால் நகராது என்று ஒரு நினைப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. பைத்தியக்கார நினைப்புதான். ஆனால் பார்த்தான். இந்த டிஸ்க்குக்குள் இந்நேரம் எதைத் தொட்டுக்கொண்டிருக்கும்? பாதி ஊர் அதற்குள்தான் இருக்கிறது. செத்தவர்கள், காது குத்தியவர்கள், பெரியவள் ஆனவர்கள், எலெக்‌ஷனில் நின்று டெபாசிட் இழந்தவர்கள் எல்லாரும் இடித்துப் பிடித்துக்கொண்டு உள்ளே படுத்திருக்கிறார்கள். அதில் மைனா தனியாக நிற்கிற படம் ஒன்றாவது இருக்கிறதா என்பதே சந்தேகம். கடையில் வேலை செய்கிறவளை யார் படம் எடுக்கிறார்கள். அவள் கடைக்கு வந்த புதிதில் மவுஸைப் பிடித்ததே ஒரு கூத்து. மேஜையின் விளிம்பு வந்ததும் அம்புக்குறி இதற்கு மேல் போகாது என்று நினைத்து அப்படியே நின்றுவிடுவாள், தூக்கி வைத்து இழுக்க வேண்டும் என்று தோன்றாது. பிறகு அவள்தான் அவனைவிட வேகம். ஊருக்கெல்லாம் பலன் சொல்லுமாம் பல்லி, கழனிப் பானையில் விழுமாம் துள்ளி என்று ஒரு சொலவடை உண்டு. ஊர் இழவையெல்லாம் கணினியில் ஏற்றி இறக்கியவனுக்குத் தன் வீட்டு இழவு என்றதும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இழவு என்று நினைத்துவிட்டான். சட்டென்று பல்லைக் கடித்துக்கொண்டான். ஃபோன் அடித்தது.

"மாமா, ஆச்சுங்ளா?" லோகநாதன்தான். பின்னால் யாரோ ஒரு நர்ஸ் யாருடைய பேரையோ கூப்பிடுகிற சத்தம்.

"சிஸ்டம் செக் ஆயிட்டிருக்குது மாப்ள."

"செரீங். டாக்டர் மறுபடியும் வந்து கேட்டாருங். சாயங்காலத்துக்கு மேல அவரு இருக்க மாட்டாராமுங்."

"முடிஞ்சதீம் சொல்றன்."

லோகநாதன் உடனே வைக்கவில்லை. மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. அவனுக்கும் அக்காதானே. அம்மா செத்த பிறகு தலை வாரிவிட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பிய அக்கா. "மாமா, எனக்கு ஒண்ணும் அவசரமில்லீங். நீங்க பாத்துட்டே சொல்லுங். ஆனா நான் உள்ள போயி அக்காவப் பாக்கறப்பெல்லாம், அவளச் சும்மா புடிச்சு வெச்சிருக்கறாப்ல இருக்குதுங்" என்றான். ம் என்றான் சென்னியப்பன்.

போசியைத் திறந்து ஒரு வாய் தயிர் சோறு எடுத்து வைத்தான். மாவு மாதிரி வாயில் கிடந்தது. விழுங்கினான். புடிச்சு வெச்சிருக்கறாப்ல. யார் பிடித்து வைத்திருப்பது? மெஷின். மெஷின் இல்லை, இவன். நாற்காலியில் உட்கார்ந்து, ஓர் எழுத்தை வேண்டுமென்றே மாற்றி அடித்துவிட்டு, ஒருத்தியைக் கோயமுத்தூரில் பிடித்து வைத்திருக்கிறான். சரி என்றால் அவள் வருவாள். வண்டி தாராபுரம் ரோட்டில் திரும்பும், நம்ம சந்துக்குள் நுழையாது, ஸ்ட்ரெச்சரில்தான் தூக்கிவர வேண்டும். கூடத்தில் எங்கே படுக்க வைப்பார்கள்? சோபாவை வெளியே போட வேண்டும். அப்புறம் யாரோ ஒருத்தர் குழாயை எடுப்பார். அப்புறம் எவ்வளவு நேரம்? சில பேருக்கு உடனே, சில பேருக்கு ராத்திரி முழுக்க என்று சொன்னார்கள். அந்த நேரத்தில் எங்கே நிற்பது? தலைமாட்டிலா, கால்மாட்டிலா? இதைக்கூட யாரிடமும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லையே என்று கவலையாக இருந்தது. எல்லாரும் அழுவார்கள். தனக்கு அழுகை வராது என்று தோன்றியது. வராவிட்டால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்பதும் தோன்றியது, அது தோன்றியதற்காக வெட்கமாக இருந்தது, அந்த வெட்கமும் சீக்கிரமே போய்விட்டது. எண் நாற்பதுக்குப் போய், அறுபதுக்குப் போனது. இப்போது ஒவ்வொன்றாக ஏறவில்லை, தாவியது. கெட்ட இடத்தைத் தாண்டிவிட்டது போலிருக்கிறது. இதே வேகத்தில் போனால் வெயில் தாழ்வதற்குள் முடிந்துவிடும். முடிந்தால் மறுபடியும் ஒரு தரம் போடலாமா? முதல் தரம் திருத்தியது சரியாகத் திருத்தப்பட்டிருக்கிறதா என்று இரண்டாம் தரம் பார்ப்பது ஒன்றும் தப்பில்லையே. நிறையப் பேர் அப்படிச் செய்வார்கள். மூன்று தரம்கூடப் போடுவார்கள். மனது இதைச் சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டுக்கொண்டு கம்மென்றிருந்தது.

ஃபோன் மறுபடியும் ஒலித்தது, இந்தத் தடவை வாட்ஸ்அப். லோகநாதன் ஒரு படமும், அதோடு ஒரு குரல் பதிவும் அனுப்பியிருந்தான். குரலை முதலில் கேட்டான். "மாமா, நீங்க தப்பா நெனைக்க வேண்டாமுங். உங்க கையால இந்த வேலையச் செய்யச் சொன்னதே தப்புங். பெரியப்பன் சொன்னாருன்னு நானும் சும்மா இருந்துட்டனுங். வெள்ளகோயில்ல எனக்குத் தெரிஞ்ச கடையில சொல்லி ஒரு டிசைன் போடச் சொன்னனுங். பேரு, ஊரு, வயசு செரியா இருக்குதான்னு மட்டும் பாத்துச் சொல்லுங். நீங்க சொல்லாம அடிக்க மாட்டாங்." சென்னியப்பன் படத்தைத் திறந்தான். எதற்காகத் திறக்கிறோம் என்று யோசிக்கவில்லை, டிசைன் என்று வந்தால் திறந்து பார்க்கிற கை அது. கண்ணீர் அஞ்சலி, விளக்கு, ரோஜா இதழ். இதழ் கொஞ்சம் அதிகம், பரவாயில்லை. பேர் சரி. இனிஷியல் சரி. ஊர் சரி. வயது சரி. மறைவு என்று போட்டு இடத்தை விட்டிருக்கிறான், தொழில் தெரிந்தவன்தான். படம் லோகநாதன் ஃபோனில் இருந்தது போல, ஏதோ கல்யாணச் சீரில் எடுத்தது. பக்கத்தில் நின்றவர்களை வெட்டியிருக்கிறான். காதோரம் வெட்டு சுத்தமில்லை, முடி பிசிறு பிசிறாக நிற்கிறது. இரண்டு விரலால் முகத்தைப் பெரிதாக்கினான். அங்கே கண் நின்றது. ஏதோ சரியில்லை. யாரோ ஒரு சிவத்த பொம்பளை மைனாவின் மூக்குத்தியைப் போட்டுக்கொண்டு அவனைப் பார்த்துச் சிரித்தாள். வெள்ளகோயில்காரன் வெளுப்பாக்கிவிட்டான். எல்லாருக்கும் ஏற்றுகிற மாதிரி கலரை ஏற்றி, மோவாயில் இருந்த சுட்ட தழும்பையும் துடைத்துவிட்டான். யாருக்குமே சொந்த நிறத்தில் போக மனசில்லை என்று இவனே எத்தனை முகங்களுக்கு இதைச் செய்திருக்கிறான். ஆனால் இவளுக்கா? கோபம் வந்தது. எத்தனையோ நேரம் கழித்து, முதன்முதலாக ஏதோ ஒன்று நிஜமாக வந்தது. உடனே கூப்பிட்டான்.

"மாப்ள, அவனக் கலரக் கொறைக்கச் சொல்லு. மூஞ்சிய வெளுத்து வெச்சிருக்கறான். அவ கறுப்பு. நல்ல கறுப்பு. மோவாயில தழும்பு ஒண்ணு இருக்கும், ஈயம் தெறிச்சது, அத அழிச்சுட்டான். திருப்பி வெக்கச் சொல்லு. அது இல்லாட்டி அது அவளே இல்ல. காதுகிட்ட வெட்டு செரியில்ல, அதையும் பாக்கச் சொல்லு."

எதிர்ப்பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

"கேக்குதா மாப்ள?"

"கேக்குதுங் மாமா." லோகநாதனின் குரல் உடைந்துபோயிருந்தது. "கலரக் கொறைக்கச் சொல்றனுங். தழும்ப வெக்கச் சொல்றனுங். அப்பறம்... வேற ஒண்ணும் மாத்தறதுக்கு இல்லீங்ளா?"

இது சென்னியப்பனுக்குப் பழக்கமான கேள்வி. ஒவ்வொரு மகனிடமும் மருமகனிடமும் அவன் கேட்கிற கடைசிக் கேள்வி இதுதான். இதற்கு இல்லை என்று பதில் வந்தால்தான் மெஷினை ஓட்டுவான். தான் என்ன செய்துவிட்டோம் என்று அப்போது புரிந்தது. இவ்வளவு நேரம் வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தவன், திருத்தம் சொல்கிறேன் பேர்வழி என்று அவளைத் தானே அந்த விளக்குக்கும் ரோஜாவுக்கும் நடுவில் உட்கார வைத்துவிட்டான். திரையைப் பார்த்தான். எண்பத்தெட்டு. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, அதற்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, எப்போதுமே இருந்ததில்லை. வலித்தது. ரொம்ப வலித்தது.

"மாமா?"

"இல்ல மாப்ள, மாத்தறதுக்கு வேற ஒண்ணுமில்ல. டாக்டர்கிட்டச் சொல்லீரு. அவளக் கூட்டீட்டு வந்துரு" என்றான். எழுந்து செருப்பைத் தேடினான். ஒரு கால் கிடைத்தது, இன்னொன்று மேஜைக்கு அடியில் எங்கேயோ போயிருந்தது, குனிந்தால் கண் தெரியவில்லை, நீர் மறைத்தது. ஃபோன் இன்னும் காதிலேயே இருந்தது. "ஊடு பூட்டிக் கெடக்குது மாப்ள. நான் முன்னாடி போயித் தொறந்து வெக்கறன்."